யாரும் ஜெபிக்க வேண்டாம்

ஜனவரி 13, 2024, சனி

மாக்டெபுர்க்ல இன்னைக்கு மைனஸ் ஆறு. டிராம் ஓடல. ஃபுளோரா ஆன்ட்டி வீட்டுக்கு இருபது நிமிஷம் நடந்தே போனேன், மூக்கு இருக்கா விழுந்துடுச்சான்னு தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டு. கதவைத் திறந்ததும் ஆன்ட்டி கேட்டது, ஏம்மா லேட்டு, முதல் பாட்டு முடிஞ்சிருச்சேன்னு. வேற ஒருத்தியா இருந்தா அப்படியே திரும்பியிருப்பா.

ஆனா இந்தச் சனிக்கிழமை ஐக்கியம் மட்டும் இல்லேன்னா, வந்த ஒண்ணரை வருஷத்துல நான் எப்பவோ பெட்டியைக் கட்டியிருப்பேன். அதை ஒத்துக்கத்தான் வேணும். இந்த ஊர்ல இருக்கிற தமிழ்க் கிறிஸ்தவங்க பன்னிரண்டு பேர், ஆன்ட்டி வீட்டு ஹால்ல கம்பளம் விரிச்சு உக்காந்து பாடுவோம். தயானந்தம் அங்கிள், அதாவது ஆன்ட்டியோட வீட்டுக்காரர், பிரசங்கம் பண்ணுவார். அப்புறம் சாம்பார் சாதம். வாரம் பூரா வாயைப் பொத்திக்கிட்டு, தப்பும் தவறுமா ஜெர்மன் பேசிட்டு, அங்க போய்த் தொண்டை கிழியத் தமிழ்ல பாடினா அடுத்த ஏழு நாளுக்குத் தாங்கும்.

எரிச்சல் வர்றது ஜெபக்குறிப்பு நேரத்துலதான். எதுக்காக ஜெபிக்கணும்னு ஒவ்வொருத்தரா சொல்லணும். முக்கால்வாசிப் பேர் "ஒரு விசேஷித்த காரியம்"னு சொல்லித் தப்பிச்சுக்குவாங்க. நானும் நாலு மாசமா அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு ஆன்ட்டி அடுக்களைல அப்பளம் பொரிச்சுக்கிட்டே மடக்கிட்டாங்க. விசேஷித்த காரியம் என்னன்னு ஆண்டவருக்குத் தெரியும், எனக்கும் தெரிஞ்சாத்தானே பாரத்தோட ஜெபிக்க முடியும்னாங்க.

சொல்லிட்டேன். சிக்னல்னு ஒரு இன்ஜினியரிங் கணக்குப் பேப்பர், அதுல ரெண்டு தடவை பெயில். மார்ச் அஞ்சாம் தேதி மூணாவது தடவை, அதுதான் கடைசி. அதுவும் போச்சுன்னா பேரை அடிச்சுடுவாங்க. இந்த நாட்டுல வேற எந்த யூனிவர்சிட்டிலயும் இதே படிப்பைப் படிக்க முடியாது. அம்மாவுக்குத் தெரியாதுன்னும் சொன்னேன். சொன்னதும் நெஞ்சுல இருந்து ஒரு மூட்டையை இறக்கி வச்ச மாதிரி இருந்துச்சு. கூடவே கலைவாணி பேரையும் சேர்த்துக்கிட்டேன். என்கூட ஒரே வீட்ல இருக்கிற சேலத்துப் பொண்ணு, அவளுக்கும் அதே பேப்பர், அதே ரெண்டு தடவை. அவ முருகனைக் கும்பிடுறவ. இருந்தா என்ன, நல்லதுக்குத்தானே.

ஜனவரி 17, புதன்

துணி துவைக்கிற மெஷினுக்கு வரிசை. யாரோ என் ஈரத்துணியை எடுத்துத் தரையில போட்டிருக்கான். மனுஷனா அவன்?

கலைவாணியும் நானும் காலைல ஒன்பது மணில இருந்து லைப்ரரில இருந்தோம். நான் ஃபார்முலாவை மனப்பாடம் பண்ணிடுவேன், எங்க போடணும்னுதான் தெரியாது. அவளுக்கு எங்க போடணும்னு தெரியும், ஃபார்முலா மறந்துடும். ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு ஆள். திரும்பி வர்றப்ப சொன்னா, இந்தப் பெயில் விஷயம் நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்டி, யார்கிட்டயும் சொல்லிடாதேன்னு. பரணிதரன்னு எங்க சீனியர் ஒருத்தர், தன் கம்பெனில அவளுக்குப் பார்ட் டைம் வேலை வாங்கித் தர்றதா சொல்லியிருக்கார். அவர் காதுல விழக்கூடாதாம்.

சரின்னேன். ஜெபக்குறிப்பு "யார்கிட்டயும்"ல வராது. ஆண்டவர்கிட்ட சொல்றது யார்கிட்டயோ சொல்றதா?

ஜனவரி 25, வியாழன்

பிறந்ததுல இருந்து எனக்கு இப்படி ஒரு கோபம் வந்ததில்ல. எழுத்தே கோணிக்கிட்டுப் போகுது.

மத்தியானம் கேன்டீன்ல உப்பில்லாத உருளைக்கிழங்கோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன், அம்மா போன். வியாழக்கிழமை பெண்கள் ஐக்கியம் முடிஞ்சு கோயில் வாசல்லயே நின்னு பேசுறாங்க. தூத்துக்குடிப் பக்கம் நாங்க சர்ச்சைக் கோயில்னுதான் சொல்லுவோம், கலைவாணி கூட இதுக்குச் சிரிப்பா. அம்மா "சாப்பிட்டியா"ன்னு கூடக் கேட்கல.

"ஏட்டி, நீ பெயிலா?"

நடந்தது இதுதான். ஐக்கியத்துச் செக்ரட்டரி அம்மா எழுந்து, இந்த வார ஜெபக்குறிப்பை ஒரு தாளைப் பார்த்து வாசிச்சிருக்காங்க. ஜெர்மனியில் படிக்கும் நம் சபைப் பிள்ளை ஹெப்சிபா தேர்வில் இரண்டு முறை தவறியபடியால் மிகுந்த மனச்சோர்வில் இருக்கிறாள், வீட்டாருக்குத் தெரிவிக்கவும் பயந்திருக்கிறாள், அவளுக்காகப் பாரத்தோடு ஜெபிப்போம். வீட்டாருக்குத் தெரிவிக்கப் பயந்திருக்கிறாளாம்! அந்த வீட்டார் முதல் பெஞ்சுல முக்காடு போட்டு உக்காந்திருக்காங்க. அதையும் மூச்சு விடாம வாசிச்சு முடிச்சிருக்காங்களே, அந்தம்மாவுக்குக் கண்ணு எங்க போச்சு?

அம்மா அழல. அழுதிருந்தாக்கூடப் பரவாயில்ல. முப்பது பேர் முன்னால எனக்குத் தெரிஞ்ச மாதிரியே தலையை ஆட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்ட்டின்னாங்க. போனை வச்சுட்டாங்க.

ஃபுளோரா ஆன்ட்டிக்குப் போன் அடிச்சேன். அவங்க நிதானமா சொல்றாங்க, "ஜெபச் சங்கிலிலதாம்மா போட்டேன், வேற எங்கேயும் போடல." ஜெபச் சங்கிலிங்கிறது ஒரு வாட்ஸப் குரூப். அதுல நூத்தி நாப்பது பேர். அதுல ஆன்ட்டியோட நாத்தனார் ஒருத்தங்க, எங்க ஊர் ஸ்கூல்ல டீச்சர், அம்மா போற அதே பெண்கள் ஐக்கியம். சங்கிலின்னு சரியாத்தான் பேர் வச்சிருக்காங்க, என் கழுத்துல மாட்டிடுச்சு.

வீட்டுக்கு வந்து கலைவாணிகிட்ட ஒரு மணி நேரம் கத்தினேன். ஒருத்தர் நம்பிச் சொன்னதை ஊருக்கெல்லாம் வாசிக்கிறதுக்குப் பேரு ஜெபமா, இவங்க வாய்க்குப் பூட்டே கிடையாதான்னு கேட்டேன். பாவம், அவ டீ போட்டுக் கொடுத்தா. அந்த அம்மா பண்ணினது ரொம்பத் தப்புடின்னா.

ஜனவரி 27, சனி

ஐக்கியத்துக்குப் போகல. இனி போகவும் மாட்டேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

பக்கத்துத் தெரு ஜெர்மன் சர்ச்சுக்குப் போனேன். பெரிய கட்டடம், ஒன்பது பேர், எல்லாரும் அறுபதுக்கு மேல. ஆர்கன் மட்டும் நெஞ்சு அதிர வாசிச்சாங்க. என்னை யாரும் எதுவும் கேட்கல. என்ன படிக்கிறே, எப்ப முடிக்கிறே, ஏன் மெலிஞ்சு போயிட்டேன்னு ஒரு கேள்வி கிடையாது. நிம்மதியா இருந்துச்சு. கை குலுக்கிட்டு வந்துட்டேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

மறுபடி அங்கதான் போனேன். மறுபடி யாரும் ஒண்ணும் கேட்கல. பாட்டு நடுவுல எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, பக்கத்துல இருந்த தாத்தா மரியாதையா வேற பக்கம் திரும்பிக்கிட்டார். இது என்ன மரியாதை? ஒரு பிள்ளை அழுதா என்னன்னு கேட்க மாட்டாங்களா?

பிப்ரவரி 14, புதன்

சாம்பல் புதன். லெந்து, அதான் தவக்காலம், ஆரம்பிச்சாச்சு. நாப்பது நாளும் கறி, முட்டை கிடையாது. இங்க அது இல்லாம சாப்பிட என்ன இருக்கு? ரொட்டியும் கேரட்டும்.

மூணு வாரம் கழிச்சு அம்மா ஒழுங்கா பேசினாங்க. குரல்ல ஒரே உற்சாகம். எனக்கு அப்பவே திக்குன்னுச்சு. கடைசில சொல்றாங்க, போன வியாழக்கிழமை ஐக்கியத்துல எழுந்து நின்னு சாட்சி சொல்லிட்டேன், என் மகளை ஆண்டவர் பாஸாக்கிட்டார்னு.

நான் இன்னும் பரீட்சையே எழுதலியேம்மான்னேன்.

"விசுவாசத்துல சொன்னேன்ட்டி. பின்ன, அன்னைக்கு அத்தனை பேரு முன்னால குனிஞ்ச தலை எப்ப நிமிருது?"

சாட்சின்னா ஆண்டவர் செஞ்ச நன்மையை எல்லார் முன்னாலயும் சொல்றது. செஞ்ச நன்மையை. இனிமே செய்யப் போறதை இல்ல. எல்லாரும் கை தட்டினாங்களாம். இப்ப நான் பெயிலானா, நான் மட்டும் பெயில் இல்ல, அம்மாவும் பொய்ச்சாட்சி, ஆண்டவரும் வாக்குத் தவறினவர். ஒரு பேப்பருக்கு எத்தனை பேர்தான் என் தலைமேல ஏறி உக்காருவீங்க?

முழங்கால் போட்டேன். அதை ஜெபம்னு சொல்ல முடியாது, சண்டை. உம்ம பேரைச் சொல்லி என்னென்ன பண்ணுறாங்க பாரும்னு ஆரம்பிச்சு, கால் மரத்துப் போற வரைக்கும் கேட்டேன். எழுந்தப்ப கொஞ்சம் பசிச்சுச்சு. மூணாவது சாப்டர் கணக்கு ஏழும் போட்டு முடிச்சேன்.

பிப்ரவரி 17, சனி

உளுந்து தீர்ந்துடுச்சுன்னு கலைவாணியும் நானும் ஏஷியன் கடைக்குப் போனோம். பில் போடுற வரிசைல எங்களுக்கு முன்னால அந்தப் பரணிதரன் அண்ணா. திங்கட்கிழமை மேனேஜர்கிட்ட பேசறேன், ரெஸ்யூம் அனுப்புன்னு கலைவாணிகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தார். அவ முகமே மலர்ந்துடுச்சு.

அப்பதான் ஃபுளோரா ஆன்ட்டி தள்ளுவண்டியோட வந்தாங்க. நான் அரிசி மூட்டைப் பக்கம் திரும்பிக்கிட்டேன். அவங்க நேரா கலைவாணிகிட்ட போய் ரெண்டு கையையும் பிடிச்சாங்க.

"நீதானேம்மா கலைவாணி? கவலையே படாத. நீயும் ரெண்டு தடவை பெயில்னு ஹெப்சி சொன்னா. இந்த லெந்து நாள் பூரா உனக்காகவும் ஒரு வேளை உபவாசம் இருக்கேன். இதுதான் கடைசித் தடவைன்னாலும் ஆண்டவர் கைவிட மாட்டார்."

ஆன்ட்டி கண்ணுல நெசமாவே தண்ணி. பரணிதரன் அண்ணா தன் கையில இருந்த பால் பாக்கெட்ல தேதியைப் படிச்சார், படிச்சுக்கிட்டே இருந்தார். போறப்ப, பரீட்சை முடியட்டும் கலை, அப்புறம் பார்க்கலாம்னுட்டுப் போனார்.

 வீட்டுக்கு வந்து உளுந்தை டப்பால கொட்டினதுக்கு அப்புறம்தான் கலைவாணி பேசினா.

"நான் உன்கிட்டதான் சொன்னேன். உன் ஆன்ட்டிகிட்ட சொல்லல."

ஜெபத்துக்குத்தானடி சொன்னேன்னேன்.

"உன் விஷயத்தையும் ஜெபத்துக்குத்தான வாசிச்சாங்க? அன்னைக்கு என்ன கத்து கத்தினே."

ரெண்டும் எப்படி ஒண்ணாகும்? அது வேற, இது வேற. என்ன வித்தியாசம்னா

நாளைக்கு எழுதறேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

எழுதல. உளுந்து ஊறப் போட்டேன், வடை சுட்டேன். அவ சாப்பிடல.

பிப்ரவரி 21, புதன்

லைப்ரரில அவ ஒரு மூலை, நான் ஒரு மூலை. எனக்கு அஞ்சாவது சாப்டர் விளங்கவே மாட்டேங்குது. ஃபார்முலா எல்லாம் தலைக்குள்ள வரிசையா நிக்குது, ஒண்ணும் எறங்கி வேலை செய்ய மாட்டேங்குது. பரீட்சைக்குப் பதிமூணு நாள் இருக்கு. எல்லாம் ஃபுளோரா ஆன்ட்டியால வந்தது.

பிப்ரவரி 24, சனி

ஒரு மாசம் கழிச்சு ஐக்கியத்துக்குப் போனேன், சண்டை போடத்தான் போனேன். ஜெபக்குறிப்பு என் முறை வந்ததும் எழுந்து நின்னேன். உக்காந்தே சொல்லும்மான்னார் அங்கிள். நான் உக்காரல.

"கலைவாணிக்காக யாரும் ஜெபிக்க வேண்டாம். அவ கேட்கல. நான்தான் அவ அனுமதி இல்லாம சொன்னேன். ஜெபச் சங்கிலில இருந்து அவ பேரை எடுத்துடுங்க."

அத்தனை பேரும் நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்ன மாதிரி பார்த்தாங்க. ஜெபிக்கிறது பாவமாம்மான்னு ஆன்ட்டி கேட்டாங்க. ஜெபிக்கிறது இல்ல ஆன்ட்டி, சொல்லித் திரியறதுதான்னேன். அதைச் சொன்ன பிறகு எப்படி சாம்பார் சாதத்துக்கு உக்காருவேன்? ஷூவை மாட்டிக்கிட்டு வந்துட்டேன். வர்ற வழியெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு நடந்தேன், நியாயத்தைக் கேட்டுட்டோம்னு.

பிப்ரவரி 26, திங்கள்

லேப்ல இருந்து வந்தா அடுப்பு மேல ஒரு எவர்சில்வர் தூக்கு. பருப்பு உருண்டைக் குழம்பு. ஃபுளோரா ஆன்ட்டி வந்துட்டுப் போயிருக்காங்க. கலைவாணி மேசைல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தா. ஒன்பது நாள் கழிச்சு என்னைப் பார்த்துப் பேசினா.

"அந்த அம்மா வந்து மன்னிப்புக் கேட்டாங்க. நீ அங்க எழுந்து நின்னு சண்டை போட்டதையும் சொன்னாங்க. எல்லார்கிட்டயும் சொன்னே சரி, என்கிட்ட கேட்டியா?"

இல்ல. ஒரு தடவை கூடக் கேட்கல. சனிக்கிழமை டிராம் ஏறிப் போய் அத்தனை பேர் முன்னால சொல்லத் தெரிஞ்சுது, அடுத்த ரூம் கதவைத் தட்டத் தெரியல.

கேட்டேன். ரொம்பக் கேவலமா அழுதேன். அவ ஒண்ணும் பெருசா சமாதானம் சொல்லல. வேலை போனது போனதுதான்டி, அதுக்கு நான் இன்னும் கோபமாத்தான் இருக்கேன்னா. அப்புறம் குழம்பை என் பக்கம் தள்ளிட்டு, நாளைக்கு ஒன்பது மணி, அஞ்சாவது சாப்டர்னா.

மார்ச் 5, செவ்வாய்

எழுதியாச்சு. கிளம்புறப்ப அவ திருநீறு வச்சுக்கிட்டா, நான் கண்ணை மூடிக்கிட்டேன். ஹால் வாசல் வரைக்கும் ஒருத்தி கையை ஒருத்தி விடல. நாலாவது கேள்வில ரெண்டு பக்கம் எழுதினேன், சரியான்னு தெரியல.

மார்ச் 9, சனி

கால் தானா ஐக்கியத்துக்குப் போயிடுச்சு. ஜெபக்குறிப்பு நேரத்துல ஆன்ட்டி என் பக்கமே திரும்பல. அவங்க அப்படி வாயை மூடிக்கிட்டு இருக்கிறதைப் பார்க்க எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு.

மார்ச் 21, வியாழன்

ஐம்பது எடுத்தா பாஸ். எனக்கு நாப்பத்தேழு.

கலைவாணி தன் மார்க்கைச் சொல்லவே மாட்டேன்னா. நானா அவ லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தேன். அறுபத்தொண்ணு. பாஸாயிட்டு, ஏதோ திருடி மாதிரி என் முகத்தைப் பார்க்காம நிக்கிறா.

அவளுக்காக யாரும் ஜெபிக்க வேண்டாம்னு நான் எழுந்து நின்னு சொன்னேன். எனக்காக நூத்தி நாப்பது பேரு, கோயில்ல முப்பது பேரு, அம்மாவோட சாட்சி வேற. ஆண்டவரே, நீர் கொஞ்சமாவது யோசிச்சுத்தான் செய்யறீரா? இதை நான் யார்கிட்ட போய்க் கேட்கிறது? உம்மகிட்டதானே கேட்கணும், வேற யாரு இருக்கா எனக்கு?

மார்ச் 22, வெள்ளி

சங்கிலி ஏதும் முந்திக்கிறதுக்குள்ள நானே அம்மாவைக் கூப்பிட்டேன். பெயில்மான்னு முதல் வார்த்தையாவே சொல்லிட்டேன்.  சாட்சி சொல்லிட்டேனேட்டின்னாங்க அம்மா.

என் படிப்பே போகுது, உங்களுக்கு உங்க சாட்சிதான் பெருசான்னு கத்திட்டு போனை வச்சுட்டேன்.

இருபது நிமிஷத்துல அவங்களே கூப்பிட்டாங்க. மூக்கை உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு. "வார வியாழக்கிழமை நானே எழுந்து சொல்லிக்கிடுதேன், அவசரப்பட்டுச் சாட்சி சொன்னது என் தப்புன்னு. அதை நீ யோசிக்காத. உன் விடைத்தாளைக் காட்டச் சொல்லிக் கேட்க முடியாதாட்டி? மூணு மார்க்குதான?"

வர்ற வியாழன் பெரிய வியாழன், புனித வெள்ளிக்கு முந்தின நாள். கோயில் நிறைஞ்சு ஆள் இருக்கும். அது தெரிஞ்சுதான் சொல்றாங்க.

யூனிவர்சிட்டி ஆபீஸ்ல போய்க் கேட்டேன். ஏப்ரல் நாலாம் தேதி விடைத்தாளைப் பார்க்கலாமாம். மார்க் தப்பா வெட்டியிருந்தா மறுபடி திருத்தச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். அந்த நாலாவது கேள்வி. மூணு மார்க் வரலேன்னா ஊருக்கு டிக்கெட் போட வேண்டியதுதான்.

மார்ச் 23, சனி

காலைல இருந்து படுக்கையை விட்டு எழுந்திருக்கல. ஐக்கியத்துக்குப் போறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போவேன்?

மூணு மணிக்குக் கலைவாணி கோட்டு, தொப்பி எல்லாம் போட்டுக்கிட்டு வாசல்ல வந்து நின்னா. எங்கடி கிளம்பிட்டேன்னேன். உன் ஆன்ட்டி வீட்டுக்குன்னா. எனக்கு ஒண்ணும் புரியல.

"அங்க எல்லார்கிட்டயும் கேட்பாங்கல்ல, எதுக்காக ஜெபிக்கணும்னு. உன் பேரைச் சொல்லலாம்னு போறேன். சொல்லலாமா? நீ வேண்டாம்னா வாயைத் திறக்க மாட்டேன்."

அவ கையில ஒரு துண்டுத் தாள். ஏப்ரல் நாலு, நாலாவது கேள்வி, மூணு மார்க்குன்னு எழுதி வச்சிருக்கா. நான் ஜெபக்குறிப்பு குடுத்ததே இல்ல, எவ்வளவு சொல்லணும், எதைச் சொல்லக்கூடாது, நீயே பார்த்துத் திருத்திக் குடுன்னு நீட்டுறா. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல. யார் மேலன்னுதான் தெரியல.

எல்லாத்தையும் சொல்லுன்னேன். பேரைச் சொல்லு, நாப்பத்தேழுன்னும் சொல்லு, யாருக்கு வேணும்னாலும் தெரியட்டும்னு சொல்லிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கிட்டேன். கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு.

அஞ்சு நிமிஷம்தான் படுத்திருந்தேன். எழுந்து, சாக்ஸ் ஒண்ணு கறுப்பு ஒண்ணு நீலமா மாட்டிக்கிட்டு ஓடினேன். டிராம் ஸ்டாப்ல நின்னு அந்தத் தாளைப் பார்த்து முணுமுணுன்னு சொல்லிப் பார்த்துக்கிட்டு இருந்தா. தாளைப் பிடுங்கிக்கிட்டேன்.

நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், என் பக்கத்துல உக்காரு, நானே சொல்லிக்கிறேன்னேன்.